பழைய லேப்டாப்பில் என்ன கேம் ஆடலாம்? கம்ப்யூட்டரே இல்லாமல் கேம் எழுதிய ஆலன் டூரிங்கின் கதை!

உங்க வீட்டிலும் ஒண்ணு இருக்கும். பீரோவுக்கு மேலயோ, கட்டிலுக்கு அடியிலயோ தூசி படிஞ்சு கிடக்கும் ஒரு பழைய லேப்டாப். ஆன் பண்ணிட்டுப் போய் டீ போட்டுக் குடிச்சிட்டு வந்தாலும் திரையில் அந்த வட்டம் சுத்திக்கிட்டேதான் இருக்கும். சார்ஜரைப் பிடுங்கினால் அடுத்த நிமிஷமே உயிர் போயிடும். அதில் கேம் ஆடணும்னு யாராவது சொன்னா சிரிப்பீங்க.

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் என் சித்தி வீடு இருக்கு. போன நவம்பர் மழையில் ரெண்டு நாள் லீவு போட்டுவிட்டு அங்கே போயிருந்தேன். சித்தி பையன் முதலாம் ஆண்டு கல்லூரி மாணவன். அவன் கையில் இருப்பது அவனோட அக்கா பிளஸ் டூ படிக்கும்போது பள்ளியில் கொடுத்த லேப்டாப். 2011-ல் தமிழக அரசு ஆரம்பிச்ச விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைச்சது. 2 ஜிபி ரேம். தனி கிராபிக்ஸ் கார்டு எல்லாம் கிடையாது. ஹாஸ்டலில் கூட இருக்கிற பசங்க எல்லாம் கேமிங் லேப்டாப்போடு சுத்தறாங்க, தான் மட்டும் வேடிக்கை பார்க்கிறேன்னு அவனுக்கு ஒரே வருத்தம். இ.எம்.ஐ-யில் ஒண்ணு வாங்கித் தரச் சொல்லி ரெண்டு வாரமா வீட்டில் பேச்சுவார்த்தை நடக்குது.

சித்தப்பா டூரிஸ்ட் கார் ஓட்டுறார். ஏப்ரல், மே சீசனில் ஓடினால்தான் காசு. மழைக்காலத்தில் மலைப்பாதையில் மரம் விழுந்தால் ரெண்டு மூணு நாள் சவாரியே இருக்காது. மாசாமாசம் தவணை கட்டறது எப்படின்னு அவருக்கு யோசனை. மகன்கிட்ட முடியாதுன்னு சொல்லவும் மனசு வரலை. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாடி மூணு பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கவே கஷ்டமா இருந்தது.

அன்னைக்கு ராத்திரி அவனுக்கு நான் ஒருத்தரோட கதையைச் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்லப் போறேன். கேம் எழுதி வெச்சுக்கிட்டு, அதை ஓட்ட உலகத்தில் எங்கேயுமே ஒரு கம்ப்யூட்டர் இல்லாமல் நின்ன மனுஷன் அவர். நம்ம ஊர் மலைக்கும் அவருக்கும் ஒரு சொந்தம்கூட உண்டு. பெயர், ஆலன் டூரிங்.

போத்தனூர் அம்மா, குன்னூர் வீடு

டூரிங்னு கேட்டதும் உங்களுக்கு ஹாலிவுட் படம் ஞாபகம் வரலாம். ஆனா அவரோட குடும்பக் கதையில் பாதி நடந்தது நம்ம பக்கம்தான்.

அவருடைய அம்மா எதெல் சாரா ஸ்டோனி, 1881-ல் கோயம்புத்தூர் பக்கத்தில் இருக்கும் போத்தனூரில் பிறந்தவர். ஆமாங்க, ரயில் ஜங்ஷன் இருக்கே, அதே போத்தனூர்தான். எதெலின் அப்பா எட்வர்ட் வாலர் ஸ்டோனி அன்றைய மெட்ராஸ் ரயில்வேயில் தலைமைப் பொறியாளர். வெயில் தாங்காத வெள்ளைக்கார அதிகாரிகள் அப்போ மலைக்கு ஏறிவிடுவார்கள். சிலருக்குக் கொடைக்கானல், சிலருக்கு நீலகிரி. ஸ்டோனி குடும்பத்துக்கு குன்னூர். டூரிங்கின் அண்ணன் ஜான் 1908-ல் பிறந்தது அந்தக் குன்னூரில்தான்.

அப்பா ஜூலியஸ் டூரிங், மெட்ராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ் அதிகாரி. ஆலன் பிறந்தது மட்டும் லண்டனில், 1912 ஜூன் 23 அன்று. அதற்குப் பிறகு அப்பாவும் அம்மாவும் வேலைக்காக மறுபடி இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். ரெண்டு பையன்களையும் இங்கிலாந்தில், ஓய்வுபெற்ற ஒரு ராணுவ அதிகாரியின் வீட்டில் விட்டுவிட்டார்கள். அம்மா அப்பா இங்கே, பிள்ளைகள் அங்கே. துபாயிலோ சிங்கப்பூரிலோ அப்பா வேலை பார்க்க, பாட்டி வீட்டில் வளர்ந்த பசங்க உங்க ஃபிரண்ட்ஸில் யாராவது இருந்தால், அந்தத் தனிமை எப்படின்னு அவங்களைக் கேளுங்க.

60 மைல் சைக்கிள்

1926-ல் 13 வயசில் ஷெர்போர்ன் பள்ளியில் சேரணும். பள்ளி திறக்கிற நேரம் பார்த்து இங்கிலாந்து முழுக்கப் பொது வேலைநிறுத்தம். ரயில் ஓடலை. கப்பலில் சவுத்தாம்ப்டன் வந்து இறங்கிய பையன், ரயில் வரட்டும்னு காத்திருக்கவில்லை. சைக்கிளை எடுத்தான். 60 மைல், கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். நடுவில் ஒரு விடுதியில் ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் பள்ளி வாசலில் போய் நின்றான். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலையேறுகிற தூரத்தைவிட அதிகம்.

இருக்கிறதை வெச்சு எப்படிப் போய்ச் சேர்றதுங்கிற இந்தக் குணம்தான் அவர் வாழ்க்கை முழுக்க வந்தது.

பள்ளியில் அவருக்குக் கிடைத்த உயிர் நண்பன் கிறிஸ்டோபர் மார்கம். கணக்கு, வானியல், வேதியியல்னு ரெண்டு பேரும் பேசித் தீராது. 1930 பிப்ரவரியில் மார்கம் காசநோயால் இறந்துபோனான். டூரிங்குக்கு அப்போ 17 வயசு. நண்பனின் அம்மாவுக்குப் பல வருஷம் கடிதம் எழுதிக்கிட்டே இருந்தார். உடம்பு போன பிறகு மனசுக்கு என்ன ஆகும், சிந்தனைங்கிறது உடம்பை விட்டுத் தனியா இருக்க முடியுமாங்கிற கேள்வி அந்தக் கடிதங்களில் இருந்தது. பின்னாடி, ஒரு இயந்திரம் யோசிக்க முடியுமான்னு அவர் கேட்டதுக்கும் இந்த இழப்புக்கும் தொடர்பு உண்டு என்று அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

காகிதத்தில் ஒரு கம்ப்யூட்டர்

1931-ல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி. 22 வயசிலேயே அங்கே ஃபெலோ. 1936-ல், கம்ப்யூட்டர்னு ஒண்ணு உலகத்திலேயே இல்லாத காலத்தில், அது எப்படி வேலை செய்யும் என்று ஒரு கட்டுரை எழுதினார்.

அவர் கற்பனை பண்ணின இயந்திரம் ரொம்ப எளிமை. முடிவில்லாத நீளமுள்ள ஒரு நாடா. அதில் கட்டம் கட்டமாகக் குறிகள். ஒரு கட்டத்தைப் படிக்கணும், அழிக்கணும் அல்லது எழுதணும், இடப்பக்கமோ வலப்பக்கமோ நகரணும். அவ்வளவுதான். இதை வெச்சே, விதிமுறையாக எழுத முடிகிற எந்தக் கணக்கையும் போட்டுவிடலாம்னு காட்டினார். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி இயந்திரம் தேவையில்லை, ஒரே இயந்திரத்துக்கு வெவ்வேறு கட்டளைகளைக் கொடுத்தால் போதும்ங்கிறதும் அதில்தான் வருது. உங்க போனில் அலாரமும், கேமராவும், கேமும் ஒரே சிப்பில் ஓடுதே, அந்த யோசனையின் வேர் இதுதான்.

இதில் உங்க பழைய லேப்டாப்புக்கு ஒரு நல்ல செய்தி இருக்கு. டூரிங்கின் கணக்குப்படி, போதுமான நினைவகமும் நேரமும் கொடுத்தால், ஒரு கம்ப்யூட்டர் செய்கிற கணக்கை இன்னொரு கம்ப்யூட்டராலும் செய்ய முடியும். புதுசு வேகமாச் செய்யும், பழசு மெதுவாச் செய்யும். அடிப்படையில் ரெண்டும் ஒரே சாதிதான்.

போர்க்காலத்தில் செஸ் கூட்டம்

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் இறங்கிய மறுநாளே டூரிங் பிளெட்ச்லி பார்க் போய்ச் சேர்ந்தார். ஜெர்மனியின் எனிக்மா ரகசியச் செய்திகளை உடைக்கிற இடம் அது. போலந்து நாட்டுக் கணித வல்லுநர்கள் ஏற்கெனவே எனிக்மாவைப் படிக்க வழி கண்டுபிடித்து, போருக்குச் சில வாரங்கள் முன்பு அதை பிரிட்டனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதற்கு மேலே டூரிங் கட்டியதுதான் 'பாம்' என்ற இயந்திரம்.

எனிக்மாவில் இருக்கும் எல்லாச் சாத்தியங்களையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க ஆயுசு பத்தாது. அதனால் செய்தியில் எந்த வார்த்தை இருக்கும்னு முதலில் ஊகிப்பார்கள். வானிலை அறிக்கை என்றால் வானிலைங்கிற சொல் கண்டிப்பா இருக்கும் இல்லையா? அதை வெச்சுக்கிட்டு, ஒத்துவராத சாத்தியங்களைக் கூட்டம் கூட்டமாகக் கழித்துக் கட்டிவிடும் இந்த இயந்திரம். எதைச் சோதிக்கத் தேவையில்லைன்னு தெரிஞ்சுக்கிறதுதான் இதில் சூட்சுமம். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கேம் பகுதியில் மறுபடி வரும்.

பிளெட்ச்லியில் அவர் கூட இருந்தவர்கள் யார் தெரியுமா? ஹியூ அலெக்ஸாண்டர், ஸ்டூவர்ட் மில்னர்-பாரி, ஹாரி கோலம்பெக். மூணு பேருமே பிரிட்டனின் பெரிய செஸ் ஆட்டக்காரர்கள். போர் தொடங்கும்போது அர்ஜென்டினாவில் செஸ் ஒலிம்பியாட் ஆடிக்கிட்டு இருந்தவர்கள். இத்தனை பெரிய ஆட்டக்காரர்களுக்கு நடுவில் டூரிங் எப்படி ஆடினார்? சுமாருக்கும் கீழே! தோற்றுவிட்டேன்னு டூரிங் கையை விரித்ததும், கோலம்பெக் பலகையைத் திருப்பிவைத்து, டூரிங் கைவிட்ட காய்களை வெச்சே அவரை ஜெயித்துக் காட்டுவாராம்.

அலுவலகத்தில் தன் டீ கோப்பையை யாரும் எடுத்துடக் கூடாதுன்னு ரேடியேட்டரில் சங்கிலி போட்டுக் கட்டியவர், மகரந்த அலர்ஜிக்காக முகத்தில் விஷவாயு முகமூடி மாட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டியவர்னு அவரைப் பற்றிய கதைகள் நிறைய. ஓட்டத்திலும் ஆள் கில்லி. 1947-ல் மாரத்தானை 2 மணி 46 நிமிடத்தில் முடித்தார்.

ஆனால் செஸ்ஸில் தோற்கிறவர்தான், ஒரு இயந்திரத்துக்குச் செஸ் சொல்லிக்கொடுக்க முடியுமான்னு யோசிக்க ஆரம்பித்தார். போர்க்கால ஓய்வு நேரங்களில் ஜாக் குட், டொனால்ட் மிச்சி என்ற இளைஞர்களோடு இதைப் பற்றியே பேச்சு.

128 பைட்!

போர் முடிந்தது. செய்த வேலை பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது. 1948-ல் டூரிங் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அதே வருஷம் ஜூன் 21 அன்றுதான் அங்கே 'பேபி' என்ற கம்ப்யூட்டர், தன் நினைவகத்திலேயே சேமித்த புரோகிராமை முதல்முறையாக ஓட்டியிருந்தது.

அதோட மெமரி எவ்வளவு தெரியுமா? 1,024 பிட். அதாவது 128 பைட். ஜிபி இல்லை, எம்பி இல்லை, கேபிகூட இல்லை. நீங்க அனுப்பற ஒரு நீளமான வாட்ஸ்அப் மெசேஜ் அதில் அடங்காது. என் சித்தி பையன் திட்டிக்கிட்டு இருந்த 2 ஜிபி ரேம், அதைப்போல 1 கோடியே 67 லட்சம் மடங்கு. இந்தக் கணக்கை அவனே போன் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தான். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை.

அந்தக் காலத்தில், அதே 1948-ல், டூரிங்கும் அவர் நண்பர் டேவிட் சாம்பர்நோனும் சேர்ந்து ஒரு செஸ் புரோகிராம் எழுதினார்கள். ரெண்டு பேர் பெயரையும் சேர்த்து 'டூரோசாம்ப்'. இதை ஓட்டுகிற சக்தியுள்ள கம்ப்யூட்டர் அப்போது எங்கேயும் கிடையாது. அதுக்காக அவர்கள் காத்திருக்கவில்லை. கம்ப்யூட்டர் வேலையை மனுஷனே செய்தால் போச்சு! பேப்பர், பென்சில் எடுத்து, புரோகிராம் சொன்ன விதிகளை வரி வரியாகப் பின்பற்றி, அது சொல்ற காயை நகர்த்தினார்கள்.

அந்த விதிகள் இப்படி இருக்கும்:

முதலில், நீங்க நகர்த்தக்கூடிய எல்லா மூவையும் எடுங்க. ஒவ்வொண்ணுக்கும் எதிராளி ஆடக்கூடிய எல்லாப் பதிலையும் எடுங்க. ஆட்டத்தின் நடுவில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 30 மூவ் இருக்கும்னு வெச்சால், 30 பெருக்கல் 30, மொத்தம் 900 நிலைகள். வெட்டு, பதிலுக்கு வெட்டுன்னு போகிற இடங்களில் மட்டும் அது ஓயும்வரை இன்னும் ஆழமாப் பார்க்கணும். மற்றதை விட்டுடலாம். எனிக்மாவில் பார்த்த அதே சூட்சுமம், எதைப் பார்க்கத் தேவையில்லைன்னு தெரிஞ்சுக்கிறது.

அடுத்து மதிப்பெண். சிப்பாய்க்கு 1, குதிரைக்கு 3, மந்திரிக்கு மூன்றரை, யானைக்கு 5, ராணிக்கு 10. எந்த மூவின் முடிவில் கணக்கு உங்களுக்குச் சாதகமோ, அதுதான் ஆட வேண்டிய மூவ். ரெண்டு மூவுக்குச் சம மதிப்பெண் வந்தால் ராஜா பத்திரமா இருக்காரா, காய்கள் நகர எவ்வளவு இடம் இருக்குன்னு பார்த்து முடிவெடுக்கணும்.

1951-ல் மான்செஸ்டருக்கு ஃபெராண்டி மார்க் 1 என்ற பெரிய கம்ப்யூட்டர் வந்தது. அதற்கு புரோகிராம் எழுதும் கையேட்டையே டூரிங்தான் எழுதினார். டூரோசாம்ப்பை அதில் ஏற்ற முயற்சியும் செய்தார், முடிக்க முடியலை. அதே கம்ப்யூட்டரில் அதே வருஷம் டீட்ரிச் பிரின்ஸ் என்பவர், ரெண்டே மூவில் செக்மேட் செய்கிற புதிர்களைத் தீர்க்கும் புரோகிராமை ஓட்டிவிட்டார். முழு ஆட்டத்துக்கு இடமில்லையா, சரி, கடைசி ரெண்டு மூவை மட்டும் எடுத்துக்கலாம்னு சுருக்கினார். கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி என்ற பள்ளி ஆசிரியரோ, அந்தக் கம்ப்யூட்டரில் டிராஃப்ட்ஸ் ஆட்டத்தையே ஆடவைத்தார். இயந்திரத்தின் அளவுக்கு ஏற்ப விளையாட்டைத் தேடுவது அன்னைக்கே ஆரம்பிச்சாச்சு.

1952-ல் டூரிங், அலிக் கிளெனி என்ற இளம் சக ஊழியரை எதிரே உட்காரவைத்து டூரோசாம்ப்புக்காக ஆடினார். கம்ப்யூட்டர் இடத்தில் டூரிங். ஒரு மூவுக்குச் சுமார் அரை மணி நேரம். உங்க லேப்டாப் ஹேங் ஆகுதுன்னு இனிமே அலுத்துக்குவீங்களா? 29 மூவில் டூரோசாம்ப் தோற்றது. தன் சொந்த மூளைக்கு இதைவிட நல்ல மூவ் தோன்றினாலும், புரோகிராம் சொன்னதைத்தான் டூரிங் ஆடணும். அந்த நேர்மைதான் அந்த ஆட்டத்தோட அழகு.

அதே 1952

இந்த இடத்துக்கு வந்தபோது மழை வலுத்துவிட்டது. இதற்கு மேல் சொல்லலாமான்னு எனக்கும் ஒரு தயக்கம். ஆனா டூரிங் கதையை இதோட நிறுத்தினால் அது பொய்க்கதை.

1952 ஜனவரியில் டூரிங் வீட்டில் திருட்டு நடந்தது. போலீஸில் புகார் கொடுத்தார். விசாரணையில், ஓர் ஆணோடு அவருக்கு உறவு இருந்தது தெரியவந்தது. அப்போது பிரிட்டனில் அது குற்றம். திருடனைப் பிடிக்கச் சொல்லிப் போனவர் குற்றவாளிக் கூண்டில் நின்றார். சிறையா, பாலுணர்வை அடக்குவதற்கான ஹார்மோன் சிகிச்சையா என்று கேட்டபோது, அவர் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தார். ஒரு வருஷம் அந்த மருந்து அவர் உடம்பில் ஏறியது. ரகசியப் பணிகளுக்கான அனுமதியும் பறிபோனது. போரில் அவர் என்ன செய்தார்னு அந்த நீதிமன்றத்தில் யாரும் எடுத்துச் சொல்லியிருக்க முடியாது. அது அரசாங்க ரகசியம்.

1954 ஜூன் 7 அன்று டூரிங் இறந்தார். 42-வது பிறந்தநாளுக்கு இன்னும் 16 நாள் இருந்தது. தற்கொலை என்றது விசாரணை. தவறி நடந்த விபத்து என்றே கடைசிவரை நம்பினார் போத்தனூரில் பிறந்த அந்த அம்மா. மகனைப் பற்றி அவரே ஒரு புத்தகமும் எழுதினார்.

2009-ல் பிரிட்டிஷ் பிரதமர் மன்னிப்பு கேட்டார். 2013-ல் அரச மன்னிப்பு வந்தது. 2021-ல் 50 பவுண்டு நோட்டில் அவர் படம் ஏறியது. எல்லாமே ரொம்ப தாமதம். தூரத்து நாட்டுக் கதைன்னு நாமளும் ஒதுங்கிட முடியாது. வெள்ளைக்காரன் எழுதிவைத்த 377-வது பிரிவிலிருந்து இந்தக் குற்றத்தை நம்ம உச்ச நீதிமன்றம் நீக்கியது 2018 செப்டம்பர் 6-ல்தான். மருத்துவத்தின் பெயரால் ஒருவரின் பாலீர்ப்பை மாற்ற முயல்வதைத் தடை செய்யச் சொல்லி நம் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2021-ல். உங்க வகுப்பில், உங்க பக்கத்து பெஞ்சில் ஒரு டூரிங் இருக்கலாம். அவரைக் கிண்டல் பண்றதுக்கு முன்னாடி இந்தக் கதை ஞாபகம் வந்தால் போதும்.

(மனசு தாங்க முடியாமல் தவிக்கிறீங்களா? 'டெலி மானஸ்' இலவச உதவி எண் 14416, தமிழக அரசின் 104 ரெண்டிலும் எந்த நேரமும் பேசலாம்.)

2012-ல், டூரிங் நூற்றாண்டில், டூரோசாம்ப்பைக் கடைசியில் ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். எதிரே உட்கார்ந்தவர் முன்னாள் உலக சாம்பியன் காரி காஸ்பரோவ். 16 மூவில் காஸ்பரோவ் ஜெயித்தார். ஆனாலும், பேப்பரில் எழுதின புரோகிராம் 64 வருஷம் கழித்து ஒரு மேடை ஏறியது.

சரி, இப்போ உங்க லேப்டாப்

மறுநாள் காலையில் நானும் தம்பியும் வேலையை ஆரம்பிச்சோம். நாங்க என்ன செய்தோம்னு சொல்றேன், உங்களுக்கும் உதவும்.

முதல்ல, இயந்திரத்தைத் தெரிஞ்சுக்கோங்க. ரேம் எவ்வளவு, 32 பிட்டா 64 பிட்டா, எந்த விண்டோஸ். எந்த கேமா இருந்தாலும் குறைந்தபட்சத் தேவைன்னு போட்டிருப்பாங்க. இறக்குறதுக்கு முன்னாடி அதைப் படிங்க. 2024 ஜனவரியோடு ஸ்டீம் தளம் விண்டோஸ் 7, 8-க்கு ஆதரவை நிறுத்திடுச்சு. அதனால் பழைய விண்டோஸில் ஸ்டீமை நம்பிக் காசு கட்டிடாதீங்க. லூபுண்டு மாதிரி எடை குறைந்த லினக்ஸ் போட்டால் மெஷின் கொஞ்சம் மூச்சு விடும். முக்கியமான ஃபைல்களை பென் டிரைவில் காப்பி எடுத்துட்டுச் செய்யுங்க. கையில் கொஞ்சம் காசு இருந்தால் பழைய ஹார்டு டிஸ்க்கை மாற்றி எஸ்.எஸ்.டி போடுங்க. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

அடுத்து கேம். செஸ்ஸிலிருந்தே தொடங்கலாம். ஸ்டாக்ஃபிஷ் இலவசம், பழைய மெஷினிலும் உலக சாம்பியனைத் தோற்கடிக்கிற பலம். லிச்செஸ் தளத்தில் விளம்பரமே கிடையாது, காசும் கிடையாது. யோசிச்சு ஆடற போர் விளையாட்டு வேணும்னா 'பேட்டில் ஃபார் வெஸ்னாத்'. ரயில், பஸ் விட்டு ஊரையே இணைக்கணும்னா 'ஓபன் டி.டி.டி'. ரெண்டும் இலவசம், யார் வேணும்னாலும் கோடைப் பார்க்கலாம்.

காசு கொடுத்து வாங்கறதுன்னா, 'ஸ்டார்ட்யூ வேலி'. விவசாயம் பண்ற கேம். எரிக் பரோன் என்ற ஒரே ஆள் தனியா உட்கார்ந்து உருவாக்கி 2016-ல் வெளியிட்டது. விண்வெளிக் கப்பலைக் காப்பாற்றும் 'எஃப்.டி.எல்', கதைக்காகவே ஆடவேண்டிய 'அண்டர்டேல்', எல்லாருக்கும் பிடிச்ச 'பிளான்ட்ஸ் வெர்சஸ் ஸாம்பீஸ்' எல்லாமே சின்ன மெஷினுக்கு ஒத்துவரும். பழைய கேம்களை இன்றைய கம்ப்யூட்டருக்கு ஏற்ப சரிசெய்து விற்பதற்காகவே 2008-ல் தொடங்கிய ஜி.ஓ.ஜி தளத்தில் தள்ளுபடி நாள்களில் போய்ப் பாருங்க. கிராக் பண்ணின காப்பி மட்டும் வேண்டாம். கேமோடு வைரஸும் சேர்ந்து வரும், அதைத் தாங்கற தெம்பு பழைய லேப்டாப்புக்கு இல்லை.

புது கிராபிக்ஸ் கேம்கள் கெட்டதுன்னு நான் சொல்ல வரலை. கையில் காசு வரும்போது தாராளமா வாங்குங்க. அதுவரைக்கும் வேடிக்கை பார்த்துக்கிட்டே நிக்க வேண்டியதில்லைன்னுதான் சொல்றேன். கொடைக்கானல் அப்சர்வேட்டரியில் நூறு வருஷத்துக்கும் மேலா சூரியனைப் படம் பிடிச்சுக்கிட்டு வர்றாங்க. அந்தப் பழைய கண்ணாடித் தகடுகளை ஸ்கேன் பண்ணி இன்னைக்கும் ஆராய்ச்சி நடக்குது. பழசு என்ற ஒரே காரணத்துக்காக எதையும் தூக்கிப் போடாத ஊர் அது.

கரன்ட் போன ராத்திரி

ரெண்டாவது நாள் ராத்திரி காற்றில் எங்கேயோ மரம் விழுந்து கரன்ட் போச்சு. லேப்டாப் பேட்டரி பத்து நிமிஷத்தில் படுத்துடுச்சு. தம்பி பீரோவிலிருந்து செஸ் போர்டை எடுத்தான். நோட்டு, பேனா. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவன்தான் கம்ப்யூட்டர், நான் எதிராளி. டூரிங் சொன்ன மாதிரியே ஒவ்வொரு மூவா எழுதி, பதில் எழுதி, மதிப்பெண் போட்டான். சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் குதிரையை விட்டுட்டியேன்னு திருத்தினார். ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு சித்தி சுக்குக் காபியோடு வந்து நின்னாங்க. நாலு மூவ் முடியறதுக்குள்ள ஒன்றரை மணி நேரம் ஓடிப்போச்சு.

கரன்ட் வந்தது. யாரும் எழுந்திருக்கலை.

இப்போ அவன் அந்த லேப்டாப்பிலேயே பைத்தான் கத்துக்கிட்டு டூரோசாம்ப்பின் விதிகளை ஒவ்வொண்ணா எழுதிக்கிட்டிருக்கான். ராஜாவையும் ராணியையும் நகர்த்தற அளவுக்கு வந்தாச்சு, குதிரைதான் இன்னும் சண்டித்தனம் பண்ணுதாம். புது லேப்டாப் பேச்சு அடுத்த சீசன் முடியட்டும்னு தள்ளிப்போயிருக்கு. தள்ளிப்போட்டது சித்தப்பா இல்லை, அவன்தான்.

உங்க பீரோ மேல இருக்கிற லேப்டாப்பை இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்குங்க. தூசி தட்டுங்க. சார்ஜரைப் போடுங்க. அதில் 128 பைட்டுக்கு மேல எவ்வளவு இருந்தாலும், டூரிங்கைவிட உங்களுக்கு வசதி அதிகம்தான்.